இலங்கை மீது பொருளாதாரத் தடை கேட்கும் மனுவில் கையெழுத்து வைக்கலாமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் மாமா ஒரு மனுவை அனுப்பி, "இலங்கை அரசாங்கத்துக்கு எதிராகப் பொருளாதாரத் தடைச் சட்டம் ஒன்றைக் கனடாப் பாராளுமன்றம் கொண்டுவர வேணும், நீயும் கையெழுத்து வை" என்கிறாராம். வீட்டில் அம்மா, "தொண்ணூறுகளில பட்டது காணாதோ, இன்னொரு தடையோ" என்று மறிக்கிறாவாம். யார் சொல்வது சரி என்று கேட்கிறார். கையெழுத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அப்படியொரு சட்டம் எப்படி வேலை செய்யும்? அதன் அடி யார்மேல் விழும்? விழுந்த அடியால் எங்களுக்கு நீதி கிடைக்குமா? முதல் இரண்டுக்கும் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதில் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை. அந்த இடம் வரும்போது அதையும் சொல்கிறேன்.

நான் தொண்ணூறுகளில் வன்னியில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினேன். பிறகு சட்டம் படித்து இப்போது வவுனியாவில் சட்டத்தரணியாக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த காசு வங்கியில் நின்றுபோன ஆட்கள் என்னிடம் வருவது வழக்கம். அதனால்தான் இந்தத் தடைச் சட்டங்களை வாசிக்க வேண்டி வந்தது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ நீதிமன்றம் ஏறுகிற ஆள் நான் இல்லை. அங்கே வழக்குப் போடுவது பற்றி அங்குள்ள சட்டத்தரணியைத்தான் கேட்க வேண்டும். அந்தச் சட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது, அவை இங்கே எப்படி வந்து இறங்குகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

கையெழுத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கனடாவின் மக்கள் சபைக்குப் போகும் அதிகாரபூர்வ மனு என்றால், கனடாக் குடிமக்களும் கனடாவில் வசிப்பவர்களும் மட்டுமே அதில் கையெழுத்திடலாம். இணையவழி மனுவுக்கு 500 கையெழுத்துச் சேர்ந்து, ஒரு பாராளுமன்ற உறுப்பினர் அதைச் சபையில் சமர்ப்பித்தால், அரசாங்கம் 45 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பிரித்தானியாவிலும் குடிமக்களும் அங்கு வசிப்பவர்களும்தான் கையெழுத்திடலாம். 10,000 கையெழுத்துக்கு அரசாங்கம் பதில் தரும், 100,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். ஆகவே அது உண்மையான பாராளுமன்ற மனுவாக இருந்தால் புதுக்குடியிருப்பில் இருக்கிற உங்கள் கையெழுத்து செல்லாது. தனியார் இணையத்தளத்து மனுவாக இருந்தால் எவரும் கையெழுத்திடலாம், ஆனால் அதற்குப் பதில் சொல்லும் கடமை எந்த அரசாங்கத்துக்கும் இல்லை. மனுவை நடத்துவது யார் என்பதையும் பாருங்கள். 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த ஒழுங்குவிதிகளை வைத்து, இலங்கை அரசாங்கம் 2014இல் 16 அமைப்புகளையும் 424 பேரையும் பயங்கரவாதத்தோடு தொடர்புடையவர்கள் என்று வர்த்தமானியில் பட்டியலிட்டது. 2015இல் ஒரு பகுதியை நீக்கினார்கள், 2021இல் திரும்பச் சேர்த்தார்கள், 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளையும் 316 பேரையும் நீக்கினார்கள். இன்னும் பட்டியலில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியான ஓர் அமைப்பின் பக்கத்தில் உங்கள் பெயரும் விலாசமும் கிடந்தால், அதனால் வரும் விசாரணை மாமாவின் வீட்டுக்கு வராது. உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இனி சட்டத்துக்கு வருவோம். மாமா கேட்பதில் ஒரு பகுதி ஏற்கனவே நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கனடாவிடம் 1992ஆம் ஆண்டிலிருந்து விசேட பொருளாதார நடவடிக்கைகள் சட்டம் இருக்கிறது. ஒரு வெளிநாட்டில் பாரதூரமான, திட்டமிட்ட மனித உரிமை மீறல் நடந்தால், பாராளுமன்றத்துக்குப் போகாமல் அமைச்சரவையே ஒழுங்குவிதி ஒன்றின் மூலம் தடை விதிக்கலாம் என்று 2017இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஜனவரியில் அந்த அதிகாரத்தைப் பாவித்து இலங்கைக்கென்று தனியாக ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்தார்கள். அதில் நான்கு பெயர்கள்: மகிந்த ராஜபக்ச, கோட்டாபய ராஜபக்ச, சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க, கடற்படை லெப்டினன்ட் கொமாண்டர் சந்தன ஹெட்டியாராச்சி. மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் மரணதண்டனை பெற்று, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தவர்தான் இந்த ரத்நாயக்க. இந்த நால்வரின் சொத்தோடு கனடாவில் உள்ள எவரும், வெளிநாட்டில் உள்ள கனடாக் குடிமக்களும் கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது. நால்வரும் கனடாவுக்குள் நுழையவும் முடியாது. தேயிலைக்கும் ஆடைக்கும் நண்டுக்கும் அந்த ஒழுங்குவிதியில் ஒரு வரி கூட இல்லை.

மற்ற நாடுகள் செய்ததும் இதே வகைதான். அமெரிக்கா 2020 பெப்ரவரியில் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு நுழைவுத் தடை விதித்தது, 2023 ஏப்ரலில் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு விதித்தது. அந்தத் தடைகள் வருடாந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவின் கீழ் வருபவை. அந்தப் பிரிவு விசாவை மட்டும் தொடும், சொத்தைத் தொடாது. சொத்தையும் முடக்குவதற்கு 2016இல் வந்த உலகளாவிய மக்னிற்ஸ்கி சட்டம் அவர்களிடம் இருக்கிறது. பிரித்தானியா 2018ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தின் கீழ் 2020இல் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளைப் பாவித்து, 2025 மார்ச் 24ஆம் திகதி சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரிய, புலிகளிலிருந்து பிரிந்த கருணா என்ற விநாயகமூர்த்தி முரளிதரன் ஆகிய நால்வருக்குப் பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. இவை எல்லாம் ஆட்கள்மேல் விதித்த தடைகள். நாட்டின்மேல் விதித்தவை அல்ல. இலங்கை அரசாங்கத்தின் வர்த்தகத்தையோ வங்கிகளையோ மறிக்கும் சட்டம் எதையும் மேற்கு நாடு ஒன்று இதுவரை நிறைவேற்றவில்லை.

நாட்டின்மேல் விதிக்கும் சட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க 1986ஆம் ஆண்டு அமெரிக்கா தென்னாபிரிக்காவுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டம்தான் நல்ல உதாரணம். ஜனாதிபதி ரேகன் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பினார். செனற் 78க்கு 21 என்றும், பிரதிநிதிகள் சபை 313க்கு 83 என்றும் வாக்களித்து அவருடைய மறுப்பை மீறிச் சட்டமாக்கின. புதிய முதலீடு நின்றது. நிலக்கரி, யுரேனியம், இரும்பு, துணி, விவசாயப் பொருள்கள் எல்லாவற்றின் இறக்குமதியும் நின்றது. தென்னாபிரிக்க விமானங்கள் தரையிறங்க முடியாமல் போனது. எனக்கு அந்தச் சட்டத்தில் முக்கியமாகப் படுவது தடைகளை விட, தடையை எப்போது எடுப்போம் என்று அதற்குள்ளேயே எழுதிவைத்த ஐந்து நிபந்தனைகள்தான். மண்டேலாவையும் மற்ற அரசியல் கைதிகளையும் விடுவிக்க வேண்டும், அவசரகால நிலையை நீக்க வேண்டும், கட்சிகள் மீதான தடையை எடுக்க வேண்டும், இனவாரியாக மக்களைப் பதிந்து பிரித்துவைத்த சட்டங்களை இல்லாமல் செய்ய வேண்டும், பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும். 1991 யூலையில் ஐந்தும் நிறைவேறிவிட்டன என்று அறிவித்து ஜனாதிபதி புஷ் தடையை எடுத்தார்.

அப்படி எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கியூபா இருக்கிறது. 1962இல் அமெரிக்க ஜனாதிபதியின் உத்தரவாகத் தொடங்கிய தடையை 1996இல் சட்டமாக்கி இறுக்கினார்கள். அதன் பிறகு காங்கிரஸ் சம்மதிக்காமல் எந்த ஜனாதிபதியாலும் அதை முழுதாக நீக்க முடியவில்லை. சோவியத் ஒன்றியத்திலிருந்து யூதர்களை வெளியேற விட வேண்டும் என்று அமெரிக்கா 1974இல் கொண்டுவந்த வர்த்தகக் கட்டுப்பாடு, சோவியத் ஒன்றியமே 1991இல் இல்லாமல் போன பிறகும் 2012 வரை ரஷ்யாவின் மேல் ஏட்டில் கிடந்தது. அமைச்சரவை போட்ட ஒழுங்குவிதியை அடுத்த அமைச்சரவை மாற்றிவிடலாம். பாராளுமன்றம் போட்ட சட்டத்தை எடுக்கத் திரும்பவும் பெரும்பான்மை தேட வேண்டும், அதற்குள் தடையால் பட்டவர்கள் வயதாகிப் போவார்கள்.

இனி அடி யார்மேல் விழும் என்ற கேள்வி. உங்கள் அம்மா பேசுவது இங்கிருந்துதான். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு வடக்குக்குப் போகும் பொருள்களுக்கு அரசாங்கம் தடை போட்டது. பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த அவசரகால ஒழுங்குவிதிகளின் பலத்தில் அது நடந்தது. அது வெளிநாட்டுத் தடை அல்ல, சொந்த அரசாங்கம் சொந்தக் குடிமக்களுக்குப் போட்டது. ஆனால் தடை என்ற கருவி எப்படி வேலை செய்கிறது என்று படிக்க எனக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடைக்கவில்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். யூரியா வெடிமருந்தாகும், சீமெந்தும் இரும்பும் பதுங்குகுழிக்குப் போகும், டோர்ச் பற்றரி கண்ணிவெடிக்குப் போகும், டீசலும் பெற்றோலும் வாகனத்துக்குப் போகும். ஒவ்வொன்றாகக் கேட்டால் நியாயம்போல் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து வன்னியில் இருந்து பார்த்தால், வவுனிக்குளத்துக்கும் முத்தையன்கட்டுக்கும் கீழே யூரியா இல்லாமல் மஞ்சளாய் நின்ற நெல்லும், ஓடு மாற்ற முடியாத பள்ளிக்கூடமும், இருட்டில் பிரசவம் பார்த்த மருத்துவிச்சியும்தான் தெரிந்தார்கள்.

கூட்டுறவுக் கடையில் மண்ணெண்ணெய் வந்த நாளில் விடியப் போத்தல்களும் கான்களும் வரிசையாகக் கிடக்கும். ஆட்கள் நிழலில் இருப்பார்கள், வரிசையில் போத்தல் நிற்கும். குடும்ப அட்டையைப் பார்த்து, அளந்து, அட்டையில் குறித்து, பேரேட்டிலும் எழுத வேண்டும். அந்த எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோய் நேரே விளக்கில் ஊற்ற மாட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அந்தப் பஞ்சு குடிக்கிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியை நுழைத்து எரிப்பார்கள். ஓ.எல். சோதனைக்குப் படித்த பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் படித்தார்கள். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோவைப் பாட வைத்தார்கள். அதே காலத்தில் தடையைத் தாண்டி வந்த சாமான்கள் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் விலை ஏறி வந்தன. காசுள்ளவர்களுக்கும் ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கும் எதுவும் முற்றாக நிற்கவில்லை. வாய்க்காலை மேலே மறித்தால் முதலில் காய்வது கடைவால் வயல்தான், மறித்தவருக்கு யாரோடு கோபம் என்பது தண்ணீருக்குத் தெரியாது. 2002 தொடக்கத்தில் தடையைத் தளர்த்தும்வரை வன்னி அந்தக் கடைவாலில்தான் இருந்தது.

தடைச் சட்டம் எழுதுகிறவர்கள் உடனே ஒரு பதில் சொல்வார்கள்: உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு இருக்கிறதே என்று. விலக்கு எங்களுக்கும் இருந்தது. அரிசி, மா, சீனி அனுமதிக்கப்பட்ட பொருள்கள்தான். எத்தனை பேருக்கு அனுப்புவது என்று தீர்மானித்தவர் வேறு. 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் ஏறத்தாழ 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொன்னது. சண்டை முடிந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 280,000க்கு மேல். உணவுக் கப்பல் எந்தக் கணக்கை வைத்து வந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் இதைப் பதிவுசெய்திருக்கிறது. ஆகவே ஒரு தடைச் சட்டத்தில் விலக்குப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நான் திருப்திப்படுவதில்லை. ஆட்களை எண்ணுவது யார், முத்திரை யார் கையில், அவர் மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்று தேடிப் பார்ப்பேன்.

ஈராக்கிலும் அதுதான் நடந்தது. 1990 ஓகஸ்டில் பாதுகாப்புச் சபை 661ஆம் தீர்மானத்தால் அந்த நாட்டின் வர்த்தகம் முழுவதையும் நிறுத்தியது. மருந்துக்கு விலக்கு இருந்தது. ஆனால் பல பொருள்கள் இராணுவத்துக்கும் உதவும் என்று சொல்லித் தடைக் குழுவில் மறிக்கப்பட்டன, தண்ணீர் சுத்திகரிக்கும் சாமான்களும் அதில் அகப்பட்டன. அங்கே மனிதாபிமானப் பணிக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வொன் ஸ்பொனெக் 2000இலும் தடையை எதிர்த்துப் பதவி விலகினார்கள். இதில் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். தடையால் ஐந்து லட்சம் பிள்ளைகள் இறந்தார்கள் என்ற எண்ணிக்கை எங்கள் மேடைகளிலும் அடிக்கடி வரும். அதற்கு அதிகம் காட்டப்படும் ஆதாரம் 1999ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்று. 2003க்குப் பிறகு எடுத்த கணக்கெடுப்புகள் அப்படியொரு உயர்வைக் காட்டவில்லை, அந்தத் தரவை சதாம் அரசாங்கம் திரித்துவிட்டது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மக்கள் பட்ட துன்பம் உறுதி. அந்த எண்ணிக்கை உறுதியில்லை. நாங்கள் நீதி கேட்டுப் போகிறவர்கள் என்றால் உறுதியில்லாத எண்ணைக் கையில் எடுக்கக் கூடாது.

இன்றைய வன்னிக்கு வருவோம். இன்றைக்கு இலங்கையின் ஏற்றுமதியை மறிக்கும் சட்டம் ஒன்று வந்தால் முதலில் அடிபடுவது யார்? கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பக்கம் காலையில் ஆடைத் தொழிற்சாலைக்கு ஏறும் பஸ்களைப் பாருங்கள். முல்லைத்தீவின் உள்ளூர்களிலிருந்து வருகிற பெண்பிள்ளைகள், அவர்களில் பலர் போரில் தகப்பனையோ கணவனையோ இழந்தவர்கள், வீட்டுக்கு உழைக்கும் ஒரே ஆள். அவர்கள் தைப்பது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தபோது (ஓகஸ்டில் அது 20 வீதமானது) மனித உரிமைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் "எங்களை நிப்பாட்டுவாங்களோ" என்று என்னிடம் கேட்டது கொழும்பில் இருக்கும் அமைச்சர் அல்ல, இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. பூநகரி, மன்னார்க் கரையில் பிடிக்கும் நண்டும் அமெரிக்கச் சந்தையை நம்பித்தான் இருக்கிறது.

வரிச் சலுகையைப் பறிப்பது தடையை விட மென்மையானது, அதிலும் எங்களுக்கு அனுபவம் இருக்கிறது. மூன்று மனித உரிமைச் சமவாயங்களைச் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்தியது. சலுகை தொடர வேண்டுமானால் 15 நிபந்தனைகள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்போதைய அரசாங்கம் ஏற்கவில்லை, அதை இறைமைப் பிரச்சினையாக்கித் தெற்கில் அரசியல் செய்தது. 2015இல் ஆட்சி மாறிய பிறகு, 2017 மே மாதம் சலுகை திரும்பி வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று அதற்காகக் கொடுத்த வாக்குறுதி இன்றும் நிறைவேறவில்லை. 1979இல் தற்காலிகமாக என்று வந்த அந்தச் சட்டத்தில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது வன்னியில் ஒவ்வொரு ஊருக்கும் தெரியும்.

வேறொரு நாட்டின் மேல் போட்ட தடைகூட இங்கே வந்து சேரும். சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பட்டது. 2012இல் அமெரிக்கச் சட்டம் ஈரானின் எண்ணெய்க் காசை மறித்தபோது இலங்கை விதிவிலக்குக் கேட்டு நிற்க வேண்டி வந்தது. வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய ஏறத்தாழ 250 மில்லியன் டொலர் நிலுவையைத் தேயிலையாகத் தீர்ப்பதற்கு 2021 டிசம்பரில்தான் ஒப்பந்தம் செய்தார்கள். டொலர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2022 போதும். எந்த நாடும் தடை போடவில்லை, கடனைக் கட்ட முடியாமல் நாடே விழுந்தது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. வள்ளத்து இயந்திரத்துக்கும் தோட்டத்து நீர்ப் பம்புக்கும் அதைத்தான் ஊற்றுகிறோம். கொக்கிளாயிலும் முள்ளிவாய்க்கால் கரையிலும் வள்ளங்கள் மணலில் கிடந்தன.

வங்கிப் பக்கம் இன்னொரு சேதம் நடக்கும். அது செய்தியில் வராது. தடைச் சட்டம் கூடக் கூட வங்கிகள் சட்டம் கேட்பதை விடக் கூடுதலாகப் பயப்படும். முல்லைத்தீவு மாவட்டத்து அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். கிணறு கட்ட ஐரோப்பாவிலிருந்து தம்பி அனுப்பிய காசு வாரக்கணக்காக வங்கியில் நிற்கிறது. காரணம், தம்பியின் பெயரோடு சேர்ந்துவரும் தகப்பன் பெயரும், தடைப் பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரும் ஆங்கில எழுத்தில் ஒன்றுபோல் இருந்தன. எங்கள் ஊர்களில் ஒரே பெயரில் எத்தனை பேர்! கணினி பெயரைத்தான் பார்க்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் கடிதம், தம்பியின் சம்பளச் சான்று என்று எல்லாம் கொடுத்துத்தான் அந்தக் காசை எடுத்தோம். அதற்குள் மழை தொடங்கிக் கிணற்று வேலை அடுத்த வருடத்துக்குப் போய்விட்டது. மனிதாபிமான உதவிக்குச் சொத்து முடக்கம் தடையாக இருக்கக் கூடாது என்று 2022 டிசம்பரில் பாதுகாப்புச் சபை 2664ஆம் தீர்மானம் எடுத்தது நல்ல விஷயம். ஆனால் அது ஐக்கிய நாடுகளின் தடைகளுக்குத்தான், உதவி அமைப்புகளுக்குத்தான். அக்காவுக்குத் தம்பி அனுப்பும் காசை அது காப்பாற்றாது.

இனி மூன்றாவது கேள்வி: நீதி கிடைக்குமா? இங்கேதான் நிச்சயமாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தடைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்றில் ஒரு பங்கு ஓரளவு பலித்ததாகச் சொன்னார்கள். அதே பட்டியலை இன்னொருவர் திரும்பச் சோதித்து, அவற்றில் ஐந்தே ஐந்துதான் தடையால் பலித்தவை, மற்றவை படைபலத்தாலோ வேறு காரணத்தாலோ முடிந்தவை என்றார். தென்னாபிரிக்காவிலும் சட்டத்தை விட, 1985இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்ததும், அதன் பின்னால் மற்ற வங்கிகள் போனதும்தான் பெரிய அடி என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தடையை அங்கே ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கங்களே கேட்டன, வேலை போகும் என்று தெரிந்தும் கேட்டன. அவர்கள் நாட்டின் பெரும்பான்மை, அவர்களின் உழைப்பில்தான் அந்தப் பொருளாதாரமே நின்றது. எங்கள் நிலை வேறு. எண்ணிக்கையில் சிறியவர்கள், பொருளாதாரத்தில் கடைசியில் நிற்பவர்கள். நாட்டை இறுக்கினால் கொழும்பு வலிக்கத் தொடங்கும் முன்பே நாங்கள் முறிந்துவிடுவோம்.

ஆட்கள்மேல் விதிக்கும் தடையாவது பலன் தருமா என்றால், அதற்கும் இரண்டு பக்கச் சாட்சியும் உண்டு. அமெரிக்கா தடை விதித்த அதே 2020ஆம் ஆண்டு டிசம்பரில் சவேந்திர சில்வா ஜெனரலாகப் பதவி உயர்ந்தார், பிறகு பாதுகாப்புப் படைகளின் பிரதானியுமானார். ஆகவே பதவியைத் தடுக்கவில்லை. மறுபக்கம், வட மேல் மாகாண ஆளுநராக இருந்த கரன்னாகொடவுக்கு 2023 ஏப்ரல் இறுதியில் தடை வந்தது, மே நடுப்பகுதியில் ஜனாதிபதி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அதே நாளில் வேறு இரண்டு ஆளுநர்களும் நீக்கப்பட்டார்கள் என்பதால், தடைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இந்தத் தடைகளால் அறிவியல்நகர்ப் பிள்ளை ஒருத்திக்கும் வேலை போகவில்லை, ஒரு லீற்றர் எண்ணெயும் விலை ஏறவில்லை. இலங்கை நீதிமன்றம் எதுவும் எழுதாத ஒரு பெயரை வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று தன் வர்த்தமானியில் எழுதிவைத்திருக்கிறது. முள்ளிவாய்க்காலில் பிள்ளையை இராணுவத்தின் கையில் கொடுத்துவிட்டு இன்றும் தேடுகிற தாய்க்கு அது போதாது. ஆனாலும் அது ஒன்றுமில்லை என்று என்னால் சொல்ல முடியாது, கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் கொட்டகை போட்டிருந்த அம்மாக்களோடு கதைத்த எவராலும் சொல்ல முடியாது.

ஆகவே என் நிலைப்பாடு இது. நாட்டின் வர்த்தகத்தை மறிக்கும் சட்டத்துக்கு நான் ஆதரவு இல்லை, உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. பட்டியலில் இன்னும் பெயர்களைச் சேர்க்க வேண்டும், பயணத் தடையோடு நிற்காமல் சொத்தையும் முடக்க வேண்டும், ஆயுதமும் இராணுவப் பயிற்சியும் கொடுக்கக் கூடாது என்று கேட்பதற்கு முழு ஆதரவு. அந்த அளவில் மாமா சொல்வதும் சரி. மாமாவிடம் மூன்றைக் கேளுங்கள். மனு கேட்பது ஆட்களுக்கான பட்டியலா, பொருள்களுக்கான தடையா? என்ன நடந்தால் தடையை எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களா? குடும்பங்களுக்கு அனுப்பும் காசுக்குத் தெளிவான விலக்குக் கேட்டிருக்கிறீர்களா? இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இருந்தால் அங்கே இருக்கிற அவர் கையெழுத்து வைக்கட்டும், அவருடைய தொகுதி உறுப்பினரை நேரில் போய்ச் சந்திக்கட்டும். அது ஆயிரம் கையெழுத்தை விடப் பெறுமதி.

இங்கே இருக்கிற நீங்கள் செய்யக்கூடியது வேறு. பட்டியலில் ஒரு பெயர் ஏற, பிரித்தானியச் சட்டம் கேட்பது நியாயமான சந்தேகத்துக்கான ஆதாரம், குற்றவியல் வழக்கில் கேட்கும் அளவுக்கு நிரூபணம் தேவையில்லை. அந்த ஆதாரம் புதுக்குடியிருப்பிலும் மாத்தளனிலும் இரணைப்பாலையிலும் வாழும் மனிதர்களிடம்தான் இருக்கிறது, அவர்களில் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது கண்டிருந்தால் அவர்களின் சொல்லிலேயே எழுதுங்கள். எந்த நாள், எந்த இடம், எந்தப் படைப்பிரிவு என்று எப்படித் தெரியும், தானே கண்டதா பிறர் சொல்லிக் கேட்டதா என்று பிரித்து எழுதுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம். சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியாக முடிக்கலாம், ஆனால் அந்த ஊரில் அது பாதுகாப்பா என்று முதலில் யோசியுங்கள். மனித உரிமைப் பேரவை 2021இல் எடுத்த 46/1 தீர்மானத்தின்படி, இலங்கை தொடர்பான ஆதாரங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் பிரிவு ஒன்று ஜெனீவாவில் மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தில் இயங்குகிறது. அதற்கு நேரடியாக அனுப்பலாம், இடையில் ஓர் அமைப்புத் தேவையில்லை. முகநூலில் போடாதீர்கள். பிரதியை மட்டும் அனுப்புங்கள், மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்காமல் வீட்டில் வைத்திருங்கள்.